எந்தத் தக்காளியில் எவ்வளவு? ஆன்டிஆக்ஸிடன்ட் அளவை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

காய்கறிக் கடையில் இரண்டு கூடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் தட்டையாக, மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் நாட்டுத் தக்காளி. இன்னொன்றில் நீளவாக்கில், தோல் தடித்து, கைதவறி விழுந்தாலும் உடையாத பெங்களூர்த் தக்காளி. எதில் சத்து அதிகம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் முதல் கூடையைக் காட்டுவார்கள். அது சரியாக இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். இரண்டையும் அளந்து பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் குறைவு.

அளப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ரகத்துக்கு ரகம் உள்ள வித்தியாசத்தைவிட, பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது, எந்த வெயிலில் விளைந்தது, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்பவற்றால் வரும் வித்தியாசம் பல சமயம் பெரிதாக இருக்கும். இவற்றைச் சமப்படுத்தாமல் எடுத்த எண் ரகத்தைப் பற்றி எதையும் சொல்லாது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர், பள்ளி அறிவியல் கண்காட்சிக்குத் தயாராகும் மாணவர், கல்லூரியில் புராஜெக்ட் செய்பவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆய்வகம் தேவைப்படுவது ஒரே ஒரு படிக்குத்தான்.

படி 1: எதை அளக்கிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று தனியாக ஒரு பொருள் தக்காளியில் இல்லை. பழத்தில் 94 முதல் 95 சதவீதம் வரை தண்ணீர். மிச்சமிருக்கும் கொஞ்சத்தில்தான் சர்க்கரை, புளிப்பு, நார் எல்லாவற்றோடும் நாம் தேடும் பொருட்களும் இருக்கின்றன. சிவப்பைத் தருவது லைகோபீன். ஆரஞ்சு நிறத்தைத் தருவது பீட்டா கரோட்டின், உடலில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடியது. லைகோபீனுக்கு அந்தத் திறன் கிடையாது. இவை இரண்டும் கொழுப்பில் கரைபவை. வைட்டமின் சி தண்ணீரில் கரையும். குவர்செட்டின், நரிஞ்செனின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை ஃபீனால் வகை.

அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் 100 கிராம் சிவப்புத் தக்காளிக்குச் சுமார் 2.6 மி.கி. லைகோபீன், 0.45 மி.கி. பீட்டா கரோட்டின், ஏறத்தாழ 14 மி.கி. வைட்டமின் சி என்று போட்டிருக்கிறார்கள். இது சராசரிக் கணக்கு. உங்கள் எண் எந்த அளவில் வரவேண்டும் என்று சரிபார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் முந்தும் ரகம் இன்னொன்றில் பின்தங்குவது சர்வசாதாரணம். அதனால் 'மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட்' என்று ஒற்றை மதிப்பெண் போட்டு ரகங்களை வரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்க வேளாண் துறையே 'ஓராக்' என்ற மதிப்பெண்ணில் உணவுகளைப் பட்டியலிட்டு வைத்திருந்தது. சோதனைக்குழாயில் வரும் அந்த எண்ணுக்கும் உடலுக்குள் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு காட்ட முடியவில்லை, விளம்பரங்களில் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அந்தப் பட்டியலை விலக்கிக்கொண்டது. சத்துப் பொடி டப்பாக்களில் அந்த எண்ணை இன்றும் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதன்முறை செய்பவர்கள் லைகோபீன், வைட்டமின் சி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: நிறத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அளக்கும் முன்பே பழத்தின் நிறம் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஆனால் சில நிறங்கள் ஏமாற்றும்.

மஞ்சள் தக்காளியில் லைகோபீன் கிட்டத்தட்ட இல்லை. கரோட்டினாய்டு உருவாக்கத்தின் முதல் கட்டத்தில் வேலை செய்யும் மரபணு அதில் பழுதாகியிருக்கும். அதனால் பின்னால் வரவேண்டிய சிவப்பும் வருவதில்லை. ஆனால் வைட்டமின் சி, ஃபீனால் ஆகியவற்றுக்கு வேறு வழி, அவை வழக்கம்போல இருக்கும்.

ஆரஞ்சுத் தக்காளியில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் லைகோபீன் உருவாகி, அதில் பெரும்பகுதி பீட்டா கரோட்டினாக மாறிவிடும். வைட்டமின் ஏ வேண்டுபவர்களுக்கு அது பொருத்தம். இன்னொன்று 'டேன்ஜரின்' வகை. இதிலும் லைகோபீன் இருக்கிறது, ஆனால் மூலக்கூறு நேராக நீளாமல் பல இடங்களில் வளைந்திருக்கும். வளைந்த வடிவம் படிகமாக இறுகாது, குடலில் எளிதாக உறிஞ்சப்படும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஆரஞ்சுத் தக்காளிச் சாற்றைக் குடித்தவர்களுக்கு லைகோபீன் சிவப்புத் தக்காளிச் சாற்றைவிடச் சராசரியாக 8.5 மடங்கு நன்றாக உறிஞ்சப்பட்டது. பழத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதும் உடலில் எவ்வளவு சேர்கிறது என்பதும் வேறு வேறு கணக்குகள்.

இளஞ்சிவப்பு, அதாவது ரோஸ் நிறத் தக்காளியைப் பார்த்து லைகோபீன் குறைவு என்று நினைப்பார்கள். சதையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சாதாரணச் சிவப்புத் தக்காளியின் தோலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சளாகத் தெரியும். நரிஞ்செனின் சால்கோன் என்ற ஃபீனால் வகைப் பொருள்தான் அந்த மஞ்சள். ரோஸ் தக்காளியின் தோல் கண்ணாடிபோல நிறமில்லாமல் இருக்கும். அங்கே குறைவது அந்தப் பொருள்.

'கறுப்பு' என்று விற்கும் செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம் போன்ற ரகங்களில் திராட்சையின் ஊதா நிறப் பொருளான ஆந்தோசயனின் இருப்பதாக விதைக்கடைக்காரர்கள் சிலர் சொல்வதுண்டு. அப்படி இல்லை. பழுக்கும்போது சிதையவேண்டிய பச்சையம் அவற்றில் சிதையாமல் தங்கிவிடுகிறது. பச்சையும் சிவப்பும் சேர்ந்தால் பழுப்பு, அவ்வளவுதான். உண்மையான ஆந்தோசயனின் உள்ள ரகம் 'இண்டிகோ ரோஸ்'. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காட்டுத் தக்காளி இனங்களின் மரபணுக்களைச் சாதாரணக் கலப்பு முறையில் கொண்டுவந்து உருவாக்கியது. ஊதா நிறம் தோலில் மட்டும்தான் இருக்கும், அதுவும் வெயில் பட்ட பக்கத்தில். இலை மறைத்த இடமும் காம்புக்கு அடியில் உள்ள இடமும் ஊதாவாகாது. உள்ளே சதையும் ஊதாவாக உள்ள தக்காளி இன்னொன்று. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழுவினர் ஸ்னாப்டிராகன் பூச்செடியின் இரண்டு மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கி 2008இல் அறிவித்தது. அமெரிக்காவில் 2024 முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விதை விற்கிறார்கள். இந்தியாவில் மரபணு மாற்றிய தக்காளி எதற்கும் சாகுபடி அனுமதி இல்லை. ஆகவே இணையத்தில் யாராவது 'ஊதாத் தக்காளி விதை' விற்றால், அதிகபட்சம் இண்டிகோ ரோஸ் வகையைத்தான் எதிர்பார்க்கலாம்.

படி 3: ரகத்தின் பெயரை உறுதி செய்யுங்கள்

'நாட்டுத் தக்காளி' ஒரு ரகத்தின் பெயர் அல்ல, 'பெங்களூர்த் தக்காளி'யும் அல்ல. தமிழ்நாட்டில் நாட்டு ரகம் என்று விற்கும் விதைகளில் பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம்.1 உண்டு. அது அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் செயற்கையாகச் சடுதிமாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது. பெங்களூர்த் தக்காளி என்ற பெயரிலோ பல கம்பெனிகளின் ஒட்டு ரகங்கள் கலந்து வரும்.

எனவே சந்தையில் வாங்கிய பழத்தை வைத்து ரக ஒப்பீடு செய்ய முடியாது. 'இந்த வாரம் இந்தக் கடையில் வாங்கிய இரண்டு கூடைகள்' என்ற ஒப்பீடாகத்தான் அது நிற்கும். ரகம் தெரியவேண்டுமானால் பெயர் அச்சிட்ட விதைப் பாக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். பி.கே.எம்.1, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக், ஒரு செர்ரி ரகம், ஒரு மஞ்சள் ரகம் என்று நான்கு போதும்.

ஒரு ரகத்துக்கு ஒரே செடி வைக்காதீர்கள், குறைந்தது மூன்று வேண்டும். ஒரே மண் கலவை, ஒரே அளவுத் தொட்டி, ஒரே நாளில் நடவு. தொட்டிகளை ரகவாரியாக வரிசை கட்டாமல் கலைத்து வையுங்கள். இல்லாவிட்டால் சுவரோர நிழலில் மாட்டிய ரகம் தோற்றுப்போகும், அதில் ரகத்தின் குற்றம் எதுவும் இருக்காது.

படி 4: பழுத்த நிலையைச் சமப்படுத்துங்கள்

பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பச்சைக் காயில் லைகோபீன் இல்லை. அடிப்பகுதியில் முதல் நிறம் காட்டும் நாளிலிருந்து அது ஏறத் தொடங்கி, நன்றாகச் சிவந்த பிறகு உச்சத்தைத் தொடும். ஒரே செடியில் இளஞ்சிவப்பில் பறித்த பழத்துக்கும் முழுச் சிவப்பில் பறித்த பழத்துக்கும் இடையே உள்ள தூரம், இரண்டு ரகங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அதிகமாக இருக்கலாம்.

'பார்க்கச் சிவப்பாக இருக்கிறது' என்பது அளவுகோல் ஆகாது, மஞ்சள் ரகத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. ஆராய்ச்சியாளர்கள் நிறம் தொட்ட நாளை எண்ணுவார்கள். காயின் அடியில் நிறம் தெரிந்த அன்று காம்பில் ஒரு நூலைக் கட்டித் தேதி எழுதித் தொங்கவிடுங்கள். எல்லா ரகத்தையும் அதிலிருந்து பத்தாவது நாள் பறியுங்கள். செடியிலேயே பழுத்ததையும், லாரியில் அனுப்புவதற்காக நிறம் தொட்ட அன்றே பறித்துப் பெட்டியில் பழுக்கவைத்ததையும் கலக்காதீர்கள்.

படி 5: வெயிலையும் தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்

வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் லைகோபீன் உருவாவது தடைபடும். பீட்டா கரோட்டின் அந்த அளவுக்குப் பாதிக்கப்படாது. சித்திரை வெயிலில் பழுத்த தக்காளியின் தோள்பட்டை மஞ்சளாகவே நின்றுவிடுவதை எல்லா விவசாயிகளும் பார்த்திருப்பார்கள், காரணம் இதுதான். ஓசூர்ப் பக்கத்துப் பழத்தையும் மதுரைக் கோடையில் விளைந்த பழத்தையும் வைத்து இரண்டு ரகங்களை ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிட்டது இரண்டு ஊர்களின் வெப்பத்தை.

தண்ணீர் விஷயம் வேறு மாதிரி. பறிப்பதற்கு முன் தாராளமாகப் பாய்ச்சினால் பழம் பெருக்கும், உள்ளே இருப்பது நீர்த்துப்போகும். அளக்கும் வாரத்தில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு ஊற்றுங்கள், மழை பெய்தால் குறித்து வையுங்கள்.

படி 6: மாதிரி எடுப்பது

ஃபீனால் வகையில் ஃப்ளேவனால் எனப்படும் பொருட்கள் ஏறக்குறைய முழுவதும் தோலில்தான் இருக்கின்றன. லைகோபீனும் சதையைவிடத் தோலில் செறிவு கூட. செர்ரித் தக்காளி பல ஆய்வுகளில் முன்னால் நிற்பதற்கு ஒரு காரணம் இதுவே: பழம் சிறிதானால் எடைக்குத் தோல் அதிகம். அது ரகத்தின் பெருமையா, உருவத்தின் பெருமையா என்று பிரித்துச் சொல்வது கடினம். சாப்பிடுபவருக்கு அந்தப் பிரிவினை தேவையும் இல்லை.

ஒவ்வொரு ரகத்திலும் வெவ்வேறு செடிகளிலிருந்து ஐந்தாறு பழம் எடுங்கள். காம்பிலிருந்து அடிவரை நீளவாக்கில் துண்டு போட்டு, எதிரெதிர்ப் பக்கத் துண்டுகளை எடுத்து, தோலோடும் விதையோடும் ஒன்றாக அரையுங்கள். காம்புப் பக்கமும் அடிப்பக்கமும் ஒரே மாதிரி பழுப்பதில்லை, குறுக்கே வெட்டிய வில்லை ஒன்று முழுப் பழத்துக்குச் சாட்சி சொல்லாது.

படி 7: வீட்டிலேயே வைட்டமின் சி

தேவையானவை மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடின் கரைசல், 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை, ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு, சோறு வடித்த கஞ்சி. அயோடினில் களிம்போ, நுரைக்கும் வகையோ வேண்டாம், வெறும் கரைசலாக வாங்குங்கள். மாத்திரையும் நிறமில்லாததாக இருந்தால் நல்லது.

அயோடின் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து வையுங்கள். மாத்திரையைப் பொடித்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. அதில் 2 மி.லி. எடுத்து, 8 மி.லி. தண்ணீர் சேர்த்து, தெளிந்த கஞ்சி சில சொட்டு விடுங்கள். சிரிஞ்சால் அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். விழுந்த இடத்தில் நீலம் தோன்றி மறையும். வைட்டமின் சி தீரும்வரை அந்த நீலம் நிலைக்காது. நீலக்கறுப்பு இருபது விநாடி மறையாமல் நின்றால் நிறுத்தி, எத்தனை மி.லி. செலவானது என்று குறியுங்கள்.

இனித் தக்காளி. தண்ணீர் சேர்க்காமல் மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்து, பிறகு காபி வடிதாளில் வடிகட்டுங்கள். சிவப்பெல்லாம் தாளில் தங்கி, கீழே வெளிர் மஞ்சள் நீர் இறங்கும். லைகோபீன் தண்ணீருக்கு வராது என்பதற்கு அந்தத் தாளே ஆதாரம், சிவப்பு போய்விட்டதால் நீலம் தெரிவதும் எளிது. அந்த நீரில் 10 மி.லி. எடுத்து அதே சோதனையைச் செய்யுங்கள்.

கணக்கு இப்படி: மாத்திரைக் கரைசலில் இருந்த 2 மி.கி.க்கு 3 மி.லி. அயோடின் செலவாகி, தக்காளி நீருக்கு 2.1 மி.லி. செலவானால், அதில் இருப்பது 1.4 மி.கி. அதாவது 100 மி.லி.க்கு 14 மி.கி. ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். அரைக்கும் நேரம் எல்லா ரகத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். காற்றுப் பட்டால் வைட்டமின் சி குறையும், செம்புப் பாத்திரம் பட்டால் இன்னும் வேகமாகக் குறையும். சாற்றில் உள்ள வேறு சில பொருட்களும் அயோடினைக் கொஞ்சம் குடிக்கும் என்பதால் வரும் எண்ணைத் துல்லியமான அளவாகக் கொள்ளாதீர்கள். ஒப்பிட அது போதும்.

படி 8: லைகோபீனுக்கு ஆய்வகம்

இதை வீட்டில் செய்யக்கூடாது. தேவைப்படும் ஹெக்சேன் எளிதில் தீப்பிடிக்கும். கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

ஃபிஷ், பெர்கின்ஸ்-வீசி, காலின்ஸ் மூவரும் 2002இல் வெளியிட்ட முறை மாணவர்களுக்கு ஏற்றது. நன்றாக அரைத்த விழுதில் சுமார் 0.6 கிராம் எடுத்து, 5 மி.லி. அசிட்டோன், 5 மி.லி. எத்தனால், 10 மி.லி. ஹெக்சேன் சேர்த்து ஐஸ் மேல் வைத்துக் கால் மணி நேரம் குலுக்க வேண்டும். 3 மி.லி. தண்ணீர் விட்டு மறுபடி குலுக்கி, ஐந்து நிமிடம் நிற்கவிட்டால் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே நிற்கும் நிறமுள்ள அடுக்கை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 503 நானோமீட்டரில் படியுங்கள். அந்த அலைநீளத்தில் பீட்டா கரோட்டினின் குறுக்கீடு குறைவு. படித்த எண்ணை 31.2ஆல் பெருக்கி, விழுதின் கிராம் எடையால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு இத்தனை மி.கி. என்று வரும். 0.6 கிராம் விழுதுக்கு 0.58 என்று கருவி காட்டினால், கிலோவுக்குச் சுமார் 30 மி.கி. வேலையைக் குறைந்த வெளிச்சத்தில் செய்யுங்கள், ஒளி பட்டால் லைகோபீன் சிதையும். டேன்ஜரின் வகைக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது. வளைந்த லைகோபீன் ஒளியை உறிஞ்சும் இடமே வேறு.

கல்லூரி புராஜெக்ட்டுகளில் வழக்கமாகச் செய்யும் டி.பி.பி.எச். சோதனையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊதா நிறக் கரைசல் வெளுப்பதை 517 நானோமீட்டரில் பார்ப்பது அது. பழத்தை மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாற்றைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். லைகோபீன் மெத்தனாலில் சரியாகக் கரையாது. ஆக, தக்காளியின் முக்கியப் பொருளை வெளியே விட்டுவிட்டு ரகங்களுக்கு மதிப்பெண் போடுகிறோம். மஞ்சளும் சிவப்பும் சமம் என்று முடிவு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதேபோல 'மொத்த ஃபீனால்' காட்டும் ஃபோலின் சோதனையில் வைட்டமின் சியும் நிறம் காட்டும். கழித்துப் பார்க்காவிட்டால் எண் வீங்கியிருக்கும்.

படி 9: வந்த எண்ணைப் படியுங்கள்

முதல் ரகத்தில் கிலோவுக்கு 30 மி.கி. லைகோபீன், இரண்டாவதில் 36 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதே மேல் என்று எழுதும் முன், இரண்டிலும் கொஞ்சம் விழுதை எடைபோட்டு, எடை குறைவது நிற்கும்வரை அடுப்பில் உலர்த்தி மறுபடி எடைபோடுங்கள். முதலாவதில் 5 சதவீதமும் இரண்டாவதில் 6 சதவீதமும் மிஞ்சினால், உலர் எடைக்குக் கணக்கிடும்போது இரண்டும் கிலோவுக்கு 600 மி.கி. தான். வித்தியாசம் முழுவதும் தண்ணீர். ரகத்தை மேம்படுத்த நினைப்பவருக்கு உலர் எடைக் கணக்கு முக்கியம். குழம்பில் போடுபவருக்கு ஈர எடையே போதும், ஏனென்றால் கடையில் காசு கொடுப்பது தண்ணீரையும் சேர்த்துத்தான். இரண்டையும் எழுதி வையுங்கள்.

ஒரே ரகத்தின் மூன்று அளவுகளுக்குள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிட இரண்டு ரகங்களின் வித்தியாசம் குறைவாக இருந்தால், அது வித்தியாசம் ஆகாது. 'வித்தியாசம் தெரியவில்லை' என்று எழுதுவதும் முடிவுதான். மாணவர்கள் அதற்குக் கூச்சப்படுகிறார்கள்.

படி 10: அடுப்பில் வைத்த பிறகு

கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கினார்கள். வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. பிரித்தெடுக்க முடிந்த லைகோபீனோ இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. புதிதாக எதுவும் உருவாகவில்லை, செல்சுவர் உடைந்து உள்ளே சிறைப்பட்டிருந்தது வெளியே வந்தது. கூடவே கொழுப்பு இருந்தால்தான் குடல் அதை எடுத்துக்கொள்ளும். எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கு இந்தக் கணக்கில் பச்சைச் சாலட்டை எளிதாக முந்தும். வைட்டமின் சி கணக்கில் சாலட் முந்தும்.

ஆகவே சிவப்பு ரகங்களைச் சமையலுக்கும், செர்ரியையும் மஞ்சளையும் பச்சையாகத் தின்னவும் ஒதுக்குவது நியாயமான ஏற்பாடு. ரசத்துக்கு வேகவைத்துத் தோலை உரித்து எறியும் வழக்கம் இருந்தால், படி 6இல் தோலோடு அரைத்து எடுத்த எண்கள் உங்கள் தட்டுக்குப் பொருந்தாது. தோலை எடுத்துவிட்டு ஒருமுறை தனியாக அளந்துகொள்ளுங்கள்.